நூற்று நாற்பது ஓட்டு

இத்வால்: என்னதான் ஆச்சு, சொல்லேன்... வெளிய வந்த நம்மாளுங்க ஒருத்தர் மூஞ்சியும் சரியில்ல.

மெலெரி: முதல்ல வண்டியை எடு.

இத்வால்: தோத்துட்டியா?

மெலெரி: எனக்கு நூத்தி நாப்பது. கெதினுக்கு நூத்தி நாப்பத்தொண்ணு.

இத்வால்: ஒண்ணா? ஒரே ஒரு ஓட்டா?

மெலெரி: பாத்து ஓட்டு, குறுக்க ஆடு நிக்குது.

இத்வால்: பாத்துட்டேன், பாத்துட்டேன்... நம்ம வார்டுல மனுஷங்களைவிட இதுங்கதான் ஜாஸ்தி. இதுங்களுக்கு ஓட்டு இருந்திருந்தா நீ இந்நேரம் கவுன்சிலர்.

மெலெரி: சிரிப்பு வரல, இத்வால்.

இத்வால்: சரி... சரி.

மெலெரி: எனிட் அத்தை, இடுப்பு ஒடிஞ்ச மனுஷி... ஓட்டுப் போட சேப்பல் ஹால் வரைக்கும் நாற்காலியோட தூக்கிட்டுப் போனோம். "நம்ம பள்ளிக்கூடத்தை மூடக்கூடாதுன்னுதான்டி வர்றேன்"னு சொல்லுச்சு.

இத்வால்: அதுக்குக் கண்ணு தெரியாது. கெதினுக்குப் போட்டுருக்கும்.

மெலெரி: வாயை மூடு.

இத்வால்: தபால்கார எமிர்?

மெலெரி: அவன் நமக்குத்தான். அவன் பிள்ளைங்க ரெண்டும் அங்கதானே படிக்குது. இருக்கிறதே பதினொண்ணு...

இத்வால்: அதைத்தான் நானும்... பதினோரு பிள்ளைக்கு எவன் பள்ளிக்கூடம் நடத்துவான்?

மெலெரி: இது கெதின் பேச்சு.

இத்வால்: ஊரே பேசுது.

மெலெரி: இனி அதுங்க பஸ் ஏறி டவுனுக்குப் போகும். ரெண்டே வருஷம்... நம்ம வெல்ஷ் பாஷையில கேட்டா இங்கிலீஷ்ல பதில் வரும். பள்ளிக்கூடத்தை லீவுக்கு வர்றவங்களுக்கு வீடாக்கி வித்துருவாங்க. ஏற்கெனவே நம்ம தெருவுல குளிர்காலத்துல விளக்கு எரியறது நாலே வீடு.

இத்வால்: நீ ஜெயிச்சிருந்தா மட்டும்? கவுன்சில்ல அத்தனை பேர் நடுவுல நீ ஒருத்தி.

மெலெரி: ஒருத்தியா நின்னு கத்தியாவது இருப்பேன்ல.

இத்வால்: அஞ்சு வருஷம் கத்தியிருப்ப.

மெலெரி: ஆமா. கத்தியிருப்பேன்.

இத்வால்: அந்த அஞ்சு வருஷமும் நான் ஒத்தையா ஆடுங்களோட மலையில கெடந்திருப்பேன். முட்டி போச்சு மெலெரி. காலையில பூட்ஸ் மாட்டவே அரை மணி நேரம் ஆகுது. சியான் எத்தனை தடவை கூப்பிட்டுட்டா, கார்டிஃபுக்கு வந்துடுங்கப்பான்னு...

மெலெரி: இதை ஏன் எங்கிட்ட சொல்லல?

இத்வால்: எப்ப சொல்றது? நீ வீட்டுல இருந்தாத்தானே! தினம் எவன் வீட்டுக் கதவையாவது தட்டிக்கிட்டு... நானும்தானே உன் பேர் போட்ட அட்டையை வேலிக்கு வேலி அடிச்சுக் குடுத்தேன்.

மெலெரி: அடிச்சே. மழையில நின்னு அடிச்சே. அதான்... அதான் தாங்கல.

இத்வால்: ஏன் அழற? இரு... ஒரு ஓட்டுதானே? மறுபடி எண்ணச் சொல்லியிருக்கலாமே!

மெலெரி: அதிகாரியே கேட்டார். வேணாம்னுட்டேன்.

இத்வால்: பைத்தியமா உனக்கு? ஏன்?

மெலெரி: எண்ணும்போது நான் மேஜை பக்கத்துலதான் நின்னேன், இத்வால். கெதினுக்கு விழுந்த கட்டுல ஒரு ஓட்டுச்சீட்டு... பென்சில்ல போட்ட பெருக்கல் குறியில ஒரு காலை மட்டும் நீளமா இழுத்து, நுனியில சுழிச்சு... முப்பது வருஷமா நம்ம ஆட்டு முதுகுல நீ சாயத்துல போடுற குறி. அதை எல்லார் முன்னாலயும் இன்னொரு தரம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.