மாமிமாருக்குப் பயந்து கொழும்புக்கு

டோர்ட்மண்ட் ட்ராமில் என் முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும். சுற்றியிருப்பது எல்லாம் வெள்ளைக்காரர் என்று நினைத்தார்களோ என்னவோ, தமிழில் சத்தமாகவே பேசினார்கள்.

"ஜெர்மனியில ஏலாதக்கா. அதுதான் வானவில் ஊர்வலத்துக்குக் கொழும்புக்குப் போறன்."

"விசரே உனக்கு? இஞ்ச ஆம்பிளையும் ஆம்பிளையும் கலியாணமே கட்டலாம். பக்கத்தில கேல்ன் நகர ஊர்வலத்துக்கு நீ போவன்."

"கேல்னில தெருவுக்குத் தெரு எங்கட மாமிமார். கொழும்பில எங்கட சொந்தம் ஆர் இருக்கினம்? எல்லாரும் இஞ்ச வந்திட்டினம். நானும் அருணும் கைகோத்து நடக்கலாம்."

"அங்க பொலிஸ் பிடிக்கும்."

"பொலிஸைத் தாங்கலாம். மாமிமாரை ஏலாது."

"அம்மாவிட்ட என்ன சொன்னனீ?"

"நல்லூர்க் கோயிலுக்கு எண்டு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுதான் அவவும் உன்னோட வாறாவாம். உனக்குப் பொம்பிளை சரிவரவேணும் எண்டு முருகனுக்கு நேத்தியாம்!"

தம்பி போனை எடுத்து அம்மாவை அழைத்தான்.

"அம்மா, எனக்குப் பொம்பிளை பாக்க வேண்டாம். நான் அருணோடதான் வாழப்போறன். ஓம், நீங்கள் நினைக்கிறதுதான். அழாதேங்கோ, அம்மா."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பியவள் என்னையும் என் மடியில் இருந்த தமிழ்க்கடைப் பையையும் கண்டாள்.

"டேய், மெல்லக் கதை. பின்னால எங்கட ஆள் ஒண்டு."

"இருக்கட்டும்," என்றான் தம்பி, இன்னும் சத்தமாக. "மாமிமாருக்கு நான் தனித்தனியாச் சொல்லத் தேவையில்லை."