ஆம்புலன்ஸ் படகின் ஹாரன்

"எங்க ஊரு ஆம்புலன்ஸ் படகப் பாத்தா மொதல்ல மீன் வாங்கத்தான் ஓடி வருவாங்க."

பொன்னேரி பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த பசியாவரம் தீவுப் பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"ஊர்ப் பசங்களே சேந்து வுட்ட படகு. சைரன் இல்லைனு மீன்காரரு வண்டி ஹாரனக் கட்டிட்டாங்க. மொதல் சவாரி நான்தான், பிரசவ வலி. கரைக்கு வந்து ஹாரன் அடிச்சா, பாத்திரத்தோட ஒரே கூட்டம். ஒருத்தி எட்டிப் பாத்து, எறா இருக்கான்னு கேக்குறா."

"ஐயோ! நீ இன்னா சொன்ன?"

"புள்ளதான் இருக்கு, தூக்குங்கடின்னேன். பாத்திரத்தப் போட்டுட்டு அத்தினி பேரும் தூக்கினு ஓடுனாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே பொண்ணு பொறந்துச்சு."

"இப்பனாச்சும் சைரன் வாங்குனாங்களா?"

"ஒருத்தரு வாங்கியாந்து குடுத்தாரு. வேணாம்னுட்டோம். சைரன் அடிச்சா ஒதுங்கி வழி வுடுவாங்க. தூக்க யாரு வருவாங்க?"