வழிவிடாத ஜன்னல்

இரவு பதினொன்றே கால். பிரெஞ்சு நாட்டில், க்ரூஸ் பக்கத்து மலைச்சாலை. இருபது கிலோமீட்டராக ஒரு விளக்குகூட இல்லை... அக்டோபர் கடைசி மழை, இரண்டு பக்கமும் ஓக் மரங்கள், நடுவில் ஒரே ஒரு கார்.

என் தோழி ஒடீலின் அக்காவுக்கு நடந்தது இது. கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். சொல்கிறேன்.

அக்கா பெயர் ஆர்மெல். அன்றைக்கு அவளுக்கு ஐந்து மாதம் முடிய நான்கு நாள் பாக்கி. இதற்கு முன்னால் இரண்டு முறை கருவுற்றாள். இரண்டும் உள்ளே ஒருமுறைகூட அசையாமலே போய்விட்டன. இந்த மூன்றாவதும் இன்னும் அசையவில்லை. இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று டாக்டர் சொன்னார். திரையில் காட்டவும் செய்தார். அவள் மனசு கேட்கவில்லை. ஒரு உதை... அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

பத்து நாள் எங்கேயாவது அமைதியாக இருக்கட்டும் என்றுதான் அவள் கணவன் பாஸ்கால் இந்தப் பழைய பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தான். லில் நகரத்திலிருந்து ஒன்பது மணி நேரப் பயணம். கடைசி மூன்று மணி நேரம் போனில் சிக்னலே இல்லை.

சாவி, சொன்னபடியே கல்லுக்கடியில் இருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் வீட்டுக்காரி மதாம் லவேர்னின் புது வீடு. அங்கே ஒரே இருட்டு.

படுக்கையறைக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. துவைத்து விரித்த விரிப்பில் லாவெண்டர்... அதற்கடியில், ஊதி அணைத்த மெழுகுவர்த்தி.

"பார்த்தியா, மெழுகுவர்த்தி எல்லாம் ஏத்தி வெச்சு வரவேற்பு!" என்றான் பாஸ்கால்.

"வரவேற்பா? அந்த ஜன்னலைப் பாரு. ஆன்னு திறந்து கிடக்கு. மழை பாதி உள்ளே. வீடு பார்க்கிற வேலையை உங்கிட்ட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சுவர்க் கடிகாரம் ஆறு பத்தில் நின்றிருந்தது. நின்றுபோன கடிகாரத்தைக் கண்டால் பாஸ்காலுக்குக் கை சும்மா இருக்காது. பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் சாவி கொடுத்தான். டக்... டக்... டக்...

நிலைக்கண்ணாடியை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தூசிக்காக இருக்கும் என்று ஆர்மெல் அதை இழுத்தாள். ஒன்பது மணி நேரப் பயணத்தின் களைப்பு முழுக்க அவள் முகத்தில் தெரிந்தது.

"சே, மூடியே வெச்சிருக்கலாம்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு ஜன்னல். ஒரு கதவு உடனே வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. காற்று இல்லை, துரு இல்லை... யாரோ உள்ளங்கையை வைத்துத் தடுப்பது போல இருந்தது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சட்டென்று விட்டது. கொண்டியைப் போட்டாள். விளக்கை அணைத்தாள்.

பாஸ்கால் படுத்ததும் தூங்கிவிட்டான். ஆர்மெல் வயிற்றில் கை வைத்தபடி விழித்துக் கிடந்தாள். எல்லா இரவும் அப்படித்தான்.

கட்டில் காலடியில் பலகை முனகியது.

காலுறை போட்ட கால்கள். வயசானவர் நடை, ஒரு காலை இழுத்து. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு... சர்... சர்... கொண்டி அசைந்தது. இரும்பு இரும்பில் தட்டும் சத்தம். வெளியிலிருந்து இல்லை. உள்ளிருந்து.

ஆர்மெல் பாஸ்காலின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் முழிக்கவில்லை.

நடை கதவு வரை போனது. நின்றது. மறுபடி ஜன்னல். கொண்டி அசைந்தது. பிறகு சுவரோரமாக ஒரு சுற்று... வழி தெரியாத ஒருத்தர் தடவித் தடவிப் போவது போல. கடைசியில் அவள் பக்கம் வந்து நின்றது.

மூச்சுச் சத்தம். நனைந்த கம்பளியின் வாசனை. போர்வைக்கு மேலே, சரியாகத் தொப்புளுக்கு நேரே, உள்ளங்கையளவு குளிர்.

அப்புறம்... ஒன்றுமே இல்லை. நடையும் இல்லை. மூச்சும் இல்லை.

அந்த நிமிஷம் வயிற்றுக்குள் ஒரு உதை.

பயமெல்லாம் எங்கே போனதோ! "பாஸ்கால்! எழுந்திரு! உதைக்குது!" அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். மறுபடி உதைத்தது. இரண்டு பேரும் விடிய விடிய அழுதார்கள், சிரித்தார்கள். எத்தனை வருஷத்துச் சிரிப்பு அது.

காலையில் மதாம் லவேர்ன் வந்தாள். கறுப்பு உடை, கக்கத்தில் நீளமான ரொட்டி. படுக்கையறை வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"யாரும்மா சாத்தினது?"

"நான்தான். மழை உள்ளே வந்துது..."

"உங்களுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்... கிடைக்கவே இல்லை. நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு எங்கப்பா போயிட்டார். பொறந்த அறையிலதான் சாவேன்னு ஒரே பிடிவாதம். மத்தியானம் இங்கே தூக்கிட்டு வந்தோம். உடம்பை ராத்திரியே டவுனுக்குக் கொண்டு போயாச்சு." குரல் இறங்கியது. "ஆனா அவர் போக வழி விடணும் இல்லையா? விடியற வரைக்கும் ஜன்னல் திறந்திருக்கணும். கடிகாரம் நின்னிருக்கணும். கண்ணாடி மூடியிருக்கணும். எங்க ஊர் வழக்கம் இது."

ரொட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஜன்னலை நோக்கி நடந்தாள். "பரவாயில்லை. இப்பவாவது திறந்து விடறேன்."

ஆர்மெல் அதற்கு முன்னால் போய் நின்றாள். முதுகு கொண்டியில். இரண்டு கையும் வயிற்றில்.

"திறக்காதீங்க."

"அம்மாடி, அவர் போகணும்..."

"திறக்காதீங்க மதாம். உங்க காலில் விழறேன்."

மதாம் லவேர்ன் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றை. ரொம்ப நேரம். அவள் கண் கலங்கியது.

"போக இஷ்டமே இல்லாமத்தான் போனார்," என்றாள் மெதுவாக. திரும்பி நடந்தாள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் காரின் கண்ணாடியை ஒரு விரல்கூட இறக்க விடவில்லை ஆர்மெல். பாஸ்கால் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. க்ளெமான்ஸ். நல்ல எடை, நல்ல ஆரோக்கியம். இப்போது நான்கு வயசு, வாய் ஓயாத வாயாடி. லில்லில் அவர்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்திருக்கிறது. தெருச்சத்தம் தாங்கவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள்.

போன ஜூலையில் குழந்தை ஒரு இரவு ஒடீல் வீட்டில் தங்கியது. ஒடீலுக்கு இந்த விஷயம் எதுவும் அப்போது தெரியாது. தாங்க முடியாத புழுக்கம். தூங்குகிற குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள்.

கட்டிலில் குழந்தை எழுந்து உட்கார்ந்திருந்தது. வெளியே இருட்டையே பார்த்தது. ரொம்ப நாள் கழித்து ஊர்ப் பக்கம் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே... அப்படி.

பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

"சாத்திடு சித்தி," என்றது. "நான் போனா அம்மா அழுவா."