கதவுக்கு அந்தப் பக்கம் எங்களைத் தெரியாதவருக்கு

ஜூன் 29, 2025, ஞாயிறு.
நாளை சாரின் பணி ஓய்வு விழாவில் வாசிக்கப்போகும் மடலின் முதல் வரியில் பிழை. 'நேர்காணல்கள் பல வென்ற பெருந்தகையே' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. வேறு யாருக்கோ எழுதிய மடலில் பார்த்த வரி. ஓசை நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். சாருக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை எழுதிவிட்டது. இன்று அச்சகம் பூட்டு. நாளை காலை கடை திறக்கும்போதே போய் நின்று மாற்ற வேண்டும். இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கவே கூடாதோ.

மேலே உள்ளது எங்கள் வகுப்புத் தோழி ஜீவிதாவின் நேற்றைய நாட்குறிப்பு. வரியை இன்று காலை மாற்றிவிட்டோம். ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பகலெல்லாம் கோப்புகளோடும் பொழுது சாய்ந்தால் எங்களோடும் போராடியவரே, குன்னூர்க் குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு கோயமுத்தூர்க் கம்பெனிக்காரராக வந்து அமர்ந்தவரே, ஒரு நேர்காணலும் காணாமல் ஊருக்கெல்லாம் நேர்காணல் சொல்லித் தந்தவரே, நம் மாலைக் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளரும் வேலைவாய்ப்பு வழிகாட்டுப் பிரிவின் பொறுப்பாளருமான ஆறுமுகசாமி சார் அவர்களே, வணக்கம்.

நீங்கள் மாதிரி நேர்காணல் நடத்திய, நூலகத்துக்குப் பக்கத்து அறையின் கதவை இங்கு யாரும் மறக்க முடியாது. கதவுக்கு வெளியே நீங்கள் எங்கள் சார். "சாப்பிட்டியா கண்ணு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு" என்று கேட்பீர்கள். கதவைத் தட்டி உள்ளே வந்துவிட்டால் எங்களை உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி மாறியிருக்கும், குரல் மாறியிருக்கும். "சார், நேத்து நீங்கதான இப்படிச் சொல்லச் சொன்னீங்க" என்று யாராவது இளித்தால், "ஏனுங்க, உங்களை நான் முன்னப் பின்னப் பாத்ததே இல்லீங்களே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வீர்கள். அழுதுகொண்டு வெளியே போனவர்களுக்கு நீங்களே பின்னால் வந்து டீ வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

மலையில் வளர்ந்த எங்களுக்கென்று சில தவறுகள் உண்டு. எங்கள் வகுப்புக் கமலேஷ் கோவைக்கு முதல் நேர்காணலுக்குப் போனபோது அந்த வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியதாம். கழற்றச் சொன்னார்கள், மறுத்துவிட்டான். ஸ்வெட்டருக்குள் போகிற சட்டைதானே என்று காலரை மட்டும் இஸ்திரி போட்டிருந்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். அன்றிலிருந்து நீங்கள் ஒரு விதி வைத்தீர்கள்: மலை இறங்கும் வழியில் பர்லியார் வந்ததும் ஸ்வெட்டர் பைக்குள் போக வேண்டும். இந்த மடலைக் கமலேஷே வாசிக்க வேண்டும் என்பது நாங்கள் அவனுக்குக் கொடுத்த தண்டனை.

ஜீவிதாவின் கதை வேறு. ஊட்டியில் வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் விற்கும் கடை ஒன்றில் பகல் முழுவதும் நிற்பவள் அவள். எந்த ஊர்க்காரர் வந்தாலும் பேசுவாள். எதை வாங்குவது என்று தெரியாமல் ஒருவர் தயங்கி நின்றால், ஒரு துண்டு உடைத்துக் கையில் கொடுத்து, "வூட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?" என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு அவரைப் பேச வைத்துவிடுவாள். அவளே நேர்காணல் நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிறுவனங்களில் அப்படித்தான் ஆயிற்று. இரண்டாவதில் தன் பெயரைச் சொன்னதோடு சரி.

அவளுக்குக் காலமும் இல்லை. அவள் அம்மா ஆண்டாயிக்கு இந்த ஜூன் முடிவில் தேயிலை எஸ்டேட்டில் ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் அம்மா பெயரில், அவர் வாரிசாகக் கொழுந்து பறிக்கச் சேர்ந்தால் வீடு நிற்கும். வேறு வேலை கிடைத்தால்தான் வேறு வீடு. படித்து முடித்த பி.காம். ஒரு பக்கம், அம்மாவின் கூடை இன்னொரு பக்கம். எதைச் சுமப்பது என்பது ஜூன் மாதத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கடையை விட்டு வர அவளுக்கு நேரமாகிவிட்டது. மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்தால், நீங்கள் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் ஒரு கோப்பு. ஸ்வெட்டர் இல்லை. சட்டை முழுவதும் இஸ்திரி.

"சார், நீங்க எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க?"

"மேட்டுப்பாளையத்துல ஒரு காலேஜ் ஆபீசுக்கு ஆள் வேணுமாம். ஜூலை ஒண்ணாந்தேதி இன்டர்வியூ. ரிட்டயராகி அடுப்பங்கரையில வந்து நின்னு கேள்வி கேட்டீங்கன்னா நான் அக்கா ஊட்டுக்குப் போயிருவேன்னு எஞ்சம்சாரம் மரகதம் சொல்லிப் போட்டா. நீ அந்தச் சேர்ல உக்காரு கண்ணு. என்னைக் கேளு."

"நானா? உங்களையா?"

"உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. ஆரம்பிங்க."

அவள் உட்கார்ந்தாள். உங்கள் கண்ணாடி மேசைமேல் இருந்தது, அதைத் தள்ளி வைத்தாள். எங்கள் எல்லோரையும் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியையே கேட்டாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

கோப்பின் நாடாவை அவிழ்த்தீர்கள், திரும்பக் கட்டினீர்கள். "நானுங்க..." என்றீர்கள். ஏதாவது சொல்லிவிடுங்கள் சார், எதையாவது சொல்லிவிடுங்கள் என்று எதிரே இருந்தவள் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வரமாட்டேங்குது கண்ணு" என்றீர்கள் கடைசியில். "நான் ஒரு இன்டர்வியூவுக்கும் போனதில்ல. எங்கப்பா இங்க வேலையில இருக்கும்போதே போய்ச் சேந்துட்டாரு. கருணை அடிப்படையில எனக்குப் போட்டுக் குடுத்தாங்க. என்னை யாரும் ஒரு கேள்வி கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியாமத்தான் உங்களை எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தனோ என்னமோ."

தயங்கி நிற்பவரை என்ன செய்வதென்று ஜீவிதாவின் கைக்குத் தெரியும்.

"சரிங்க. காலையில ஆபீசைத் திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"முதல்லயா? சன்னலைத் திறப்பனுங்க. ராத்திரி பனிமஞ்சு உள்ள இறங்கி பேப்பர் எல்லாம் நமுத்துக் கெடக்கும். பசங்க சர்டிபிகேட்டை மட்டும் எடுத்து ஹீட்டர் பக்கத்துல விரிச்சு வெப்பேன்..."

அதன்பின் நீங்கள் நிறுத்தவில்லை. 'அப்புறம்?' என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும், "எப்படி?" என்றீர்கள், மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பையனைப் போல. "வேலைக்கு எடுத்துக்கலாங்க. ஆனா நாடாவை நோண்டக் கூடாது" என்றாள்.

அன்று அவளுக்கு ஒன்று தெரிந்தது. கேட்பவரின் நாற்காலியும் அப்படியொன்றும் சுகமானதல்ல. எதிரே இருப்பவர் பேச வேண்டுமே என்று அங்கே உட்கார்ந்திருப்பவரும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஜூன் இரண்டாவது வாரம் கோவையில் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த அம்மையார் அவள் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். கேள்வி வரவில்லை. வாய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. அப்போதுதான் ஜீவிதா அந்த முகத்தைக் கவனித்தாள். கடை அலமாரி முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறவரின் முகம்.

"மேடம், நான் வர்க்கிக் கடையில வேலை பாக்கறேங்க. அடுப்புல இருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு வித்தது, எவ்வளவு நொறுங்கினதுன்னு தினமும் கணக்கு முடிக்கறது நான்தான். அதைப் பத்திக் கேக்கறீங்களா?"

அம்மையார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நொறுங்கினதுக்கெல்லாம் கணக்கு உண்டா?"

"அதுலதாங்க எல்லாத் தகராறும்."

வேலை கிடைத்த செய்தி கடையில் இருக்கும்போது வந்தது. முதலில் உங்களுக்குத்தான் சொன்னாள். நீங்கள் தொலைபேசியில், "நல்லா மூச்சு உட்டுக்க கண்ணு, நானும் உட்டுக்கறேன்" என்றீர்கள். சிங்காநல்லூரில் ஒரு சிறு வீடும் அமைந்துவிட்டது. ஆண்டாயி அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்ப எம் பேரை நானே எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்." கொழுந்துக் கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு பகலில் படுத்துத் தூங்கினாராம்.

இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று உங்களிடம் கேட்டோம். "இத்தனை நாள் மரகதத்துக்கும் ஜீவிதாவுக்கும் மட்டும் தெரியும். சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியட்டும். எனக்கும் பாரம் எறங்கும்" என்றீர்கள். அதனால் பொய் வரியை எடுத்துவிட்டு மெய் வரியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டிருக்கிறோம். சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் விருப்பம்.

ஐயா, உங்கள் உடம்பு கெடாமல் இருக்கட்டும். மரகதம் அம்மாவின் அடுப்பங்கரை அமைதியாக இருக்கட்டும். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் உங்களிடம் நல்ல கேள்வியாகக் கேட்கட்டும். நீங்கள் நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மாலை வகுப்பு மாணவ மாணவியரும் அலுவலகப் பணியாளர்களும்
குன்னூர், ஜூன் 30, 2025

நாளை, ஜூலை 1, செவ்வாய்: காலை முதல் பேருந்து. சன்னலோர இருக்கை சாருக்கு, பக்கத்தில் ஜீவிதா. பர்லியாரில் இருவரும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும். சார் மேட்டுப்பாளையத்தில் இறங்கி முதல் நேர்காணலுக்குப் போக வேண்டும். ஜீவிதா கோவைக்குப் போய் வேலையில் சேர வேண்டும்.