மஞ்சள் போடாத சோப்பு

இல்லீங்க, அது மைசூர்பாகு இல்லீங்க, சோப்பு. குளிக்கற சோப்பு. நல்லவேளை கேட்டீங்க. போன வாரம் பக்கத்தூட்டு நிஜாம் தம்பிக்கு ஒரு டப்பா குடுத்தேன், அது ஸ்வீட்டுன்னு நெனச்சு ஒரு கடி கடிச்சுப்போட்டுது. வாயில நொரை தள்ளுது, அப்பவும் மரியாதையப் பாருங்க, நல்லாருக்குதுங்கக்கா, நெய்யிதான் கொஞ்சம் எச்சுங்குது. நான் சிரிப்ப அடக்கறதுக்கு முந்தானைய வாயில வெச்சுட்டு உள்ள ஓடிட்டேன்.

நீங்க உக்காருங்க. தையல நிறுத்த வேண்டாம். தீவாளி இந்தா வந்துருச்சு, இந்நேரத்துல டெய்லரம்மா ஊட்டுல வந்து உக்காந்தா ஊர்ப் பொம்பளைகளெல்லாம் ஜாக்கெட்டு வரலீன்னு என்னையத்தான் வைவாங்க. நீங்க பாட்டுக்குத் தைங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. உங்க மருமகளும் இப்படித்தான? இல்லீங்களா? எச்சாப் பேசறதில்லீங்களா? அப்ப அவ அப்பனாட்டத்தான்.

ஆமாங்க, லோகப்பிரியாவப் பெத்தவ நான்தான். ராசாத்தாள்னு பேரு, துடியலூர்ல இருந்து வாரேன். கதவத் தொறந்ததும் சொல்லியிருக்கோணும். உங்களப் பாத்ததும் டப்பாவத்தான் நீட்டிப்போட்டேன். தமிழ்வேந்தன் தம்பிக்கு உங்க மூக்குங்க. போட்டோல பாத்தப்பவே நெனச்சேன். புள்ளைக ரெண்டும் மாசி மாசம் ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டாங்க, சம்மந்தியும் சம்மந்தியும் இப்பத்தான் மொகத்தப் பாக்கறோம். நல்ல கூத்துப் போங்க.

எப்படி வந்தனா? வண்டிலதானுங்க. அதச் சொல்றேன், மொதல்ல இத மோந்து பாருங்க. இது நீலகிரித் தைலம், சளி பிடிச்சவங்களுக்கு. இது காப்பிப்பொடி போட்டது. இந்தக் கறுப்பு இருக்குதுல்ல, செரட்டைக் கரி. கரியத் தேச்சுக் குளிச்சா வெள்ளையாவாங்களாமா, எந்தப் புத்திசாலி கண்டுபிடிச்சானோ.

காப்பியா? வெய்யிங்க, குடிக்கறேன். ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க, உங்க ஊட்டுல குடிக்காம வேற எங்க குடிப்பேன்? எம்புள்ள உண்ணற ஊடுங்க இது. சக்கரை ஒரு கை எச்சாவே போடுங்க, எனக்கு இன்னும் சுகர் வரல.

சோப்பு நான் பண்ணலீங்க. எங்க ஊட்டுக்காரரு பண்ணுனது. பம்புக்கு பார்ட்ஸ் கடையற லேத்துப் பட்டறை வெச்சிருக்காரு, லோகு சொல்லியிருப்பா. அவ போனதுக்கப்பறம் பட்டறைக்கே போறதில்ல. டீக்கடையில நாலு பேரு கேப்பாங்கல்ல, அதுக்குப் பயந்துட்டு மேஸ்திரி கையில சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுலயே உக்காந்துட்டாரு. காலைல எந்திரிச்சா செல்போனு, சோறு உண்டா செல்போனு. ஒரு நாள் பாத்தா யாரோ ஒரு புள்ள ஊட்டுலயே சோப்புப் பண்றதக் காட்டுது. இவரு பேப்பரும் பேனாவுமா உக்காந்து எழுதறாரு. சரி, கெரகம் எதையோ பண்ணட்டும், பேசாம உக்காந்திருக்கறதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்.

அப்பறம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில ஆரம்பிச்சாரு பாருங்க. கண்ணுக்குப் பட்டறைக் கண்ணாடி, கையில உறை, மூக்குக்குத் துண்டு. காஸ்டிக் சோடாவத் தண்ணிக்குள்ள போடோணுமாம், காஸ்டிக்கு மேல தண்ணிய ஊத்துனா பொங்கி மூஞ்சில அடிச்சுப்போடுமாம். என்னைய அந்தப் பக்கமே விடல. பொள்ளாச்சித் தேங்காயெண்ணெ, கொஞ்சம் வெளக்கெண்ணெ. அதக் கலக்கறதுக்கு டிரில்லிங் மிஷின்ல கம்பிய மாட்டி விர்ருன்னு உட்டாரு, செவுரெல்லாம் சோப்பு. எனக்குச் சொல்றதுக்கு என்னங்க, கழுவுனது நான்தான், ஆனா சோப்பக் கழுவறதுக்குச் சோப்பு வேண்டீதில்லயே.

மொத மொத பீட்ரூட்ட அரைச்சு ஊத்துனாரு. ரோஸ் கலர்ல வரப்போகுது பாருன்னாரு. மக்யாநாள் பாத்தா செங்கக்கட்டியாட்ட இருக்குது. மல்லிப்பூ வாசத்துக்கு ஒரு பந்துப் பூவ உதுத்துப் போட்டாரு. வாசம் அன்னைக்கே போச்சு, பூவு கருகிப்போயி செத்த ஈ ஒட்டிக்கிட்டு இருக்கறமாரி. அதையெல்லாம் போட்டுத்தான் நான் மூணு மாசமா மிதியடி தொவைக்கறேன். மஞ்சப்பொடி போட்ட அன்னைக்கு இன்னொரு வேடிக்கை. போட்டதும் செவசெவன்னு ஆயிருச்சு. ஐயையோ கெட்டுப்போச்சுன்னு கத்தறாரு. ஏனுங்க, மஞ்சள்ல சுண்ணாம்பச் சேத்தித்தான குங்குமம் பண்றாங்க, உங்க காஸ்டிக்கும் சுண்ணாம்புக்கு அக்கா தங்கச்சிதான, காயட்டும் இருங்கன்னேன். காஞ்சதும் பாருங்க, மைசூர்பாகு.

அது கைக்கு வந்ததும் மனுசனுக்குத் தெம்பு வந்துருச்சு. இந்தத் தீவாளி நோம்பிக்கு ஒறம்பறை சொந்தபந்தத்துக்கு ஸ்வீட்டு பாக்ஸ் கெடையாது, எல்லாருக்கும் சோப்புத்தான்னு சொல்லிப்போட்டாரு. அன்னைக்கு எப்படியும் எல்லாரும் எண்ணெ தேச்சுத் தண்ணி வாத்துக்கறாங்கல்ல. நல்ல ரோசனைதான். ஆனா எனக்கு அவரத் தெரியுமுங்க. ஸ்வீட்டக் கொண்டுபோனா உக்காரோணும், திங்கோணும், புள்ள எப்படி இருக்கறான்னு கேப்பாங்க. சோப்புன்னா வாசல்லயே நீட்டிப்போட்டு வண்டிய எடுத்துட்டு வந்தர்லாம்.

எங்க சொந்தத்துல பேசறாங்களான்னா, பேசாம இருப்பாங்களா. சாதி விட்டுப் போயிட்டா, அது இதுன்னு பேசத்தான் செய்யறாங்க. அவங்களுக்கும் ஆளுக்கொரு டப்பா குடுத்தாச்சு, வாயக் கழுவிக்கட்டும்.

நீங்க சிரிச்சா நல்லாருக்குதுங்க. வந்ததுல இருந்து இப்பத்தான் சிரிச்சிருக்கறீங்க.

நான் லோகுகூடப் பேசிட்டுத்தான் இருக்கறேன். மொட்டைமாடில துணி காயப்போடற சாக்குல போன் பண்ணுவேன். காஞ்ச துணியவே மறுக்கா நனைச்சுக் கொண்டுபோயி காயப்போட்டிருக்கறேன். எங்கூட்டுத் துணியாட்டம் காஞ்ச துணி துடியலூர்லயே இருக்காதுங்க. அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் போன வெச்சுட்டு எறங்கி வாரேன், படிக்கட்டுல நின்னுட்டு இருக்கறாரு. மழை வராப்ல இருக்குது, துணிய எடுத்துரு, அவ்வளவுதான் சொன்னாரு. வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல.

இந்தாங்க, இந்தப் பொட்டலத்தப் பிரிங்க. இத நான் வேற ஆருக்கும் குடுக்கல. வெள்ளையா இருக்குதுல்ல? தேங்காப்பாலும் மரிக்கொழுந்தும் போட்டது. மரிக்கொழுந்து வாசம் நிக்கறதுக்கு அவரு பட்ட பாடு பெரிய கதை, அது வேண்டாம். ஆவணி மாசத்துல ஒரு நாள் எல்லா அச்சுலயும் மஞ்சள் போட்டு ஊத்திட்டு, ஒரு அச்ச மட்டும் தனியா எடுத்து வெச்சு, கரண்டி கிரண்டியெல்லாம் மறுக்காக் கழுவி, மஞ்சளே படாம இத ஊத்துனாரு. இது என்னத்துக்குங்கன்னேன். சும்மா ஒரு மாடலுன்னாரு.

லோகுக்கு மஞ்சள் ஆகாதுங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும். வயசுக்கு வந்தப்ப மஞ்சத்தண்ணி ஊத்தி, அன்னைக்கு ராவோட ராவா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், அவருதான் தோள்ல போட்டுட்டு ஓடுனாரு. எங்கூட்டுல மஞ்சள் ஆகாதது அவ ஒருத்திக்குத்தான்.

அவ பேரச் சொன்னா சோத்துல கை கழுவிட்டு எந்திரிச்சுப் போற மனுசன். சோப்பு ஊத்துனா ஒரு மாசத்துக்கு மேல காயோணும், அப்பத்தான் ஒடம்புக்கு ஆகும். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். தீவாளிக்கு அவளக் கூப்பிடோணும்னு ஆவணிலயே மனசுக்குள்ள வெச்சுட்டுத்தான ஊத்தியிருக்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? பீரோ மேல பேப்பர விரிச்சு அத மட்டும் தனியா அடுக்கி, தெனமும் ஒருக்காத் திருப்பித் திருப்பி வெச்சாரு. நான் ஓரத்துல நின்னு பாத்துட்டு அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், மிக்சிய ஓட்டிட்டு.

அதனால வந்த காரியத்தச் சொல்லிப்போடறனுங்க. புள்ளைகளுக்குத் தலைத்தீவாளி. எங்கூட்டுக்கு அனுப்பி வெக்கோணும். நீங்களும் உங்க ஊட்டுக்கார அண்ணனும் கூட வரோணும். நீங்க தீவாளி கும்படறதில்லைன்னு லோகு சொன்னா. கும்பட வேண்டாம், முறுக்குத் திங்கறதுக்கு என்ன.

யோசிக்கறீங்க. யோசிக்கத்தான் வேணும். அன்னைக்கு நடந்தத தம்பி உங்ககிட்டச் சொல்லியிருக்கும். கையெழுத்துப் போட்ட கையோட ரெண்டும் மாலையுங் கழுத்துமா எங்க கேட்டுக்கு வந்து நின்னாங்களே. எங்க பக்கத்துல ஓட்டுக் கேக்க வர்றவன், பாம்பாட்டி, பேசாத பங்காளி, ஆரு வாசலுக்கு வந்தாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் மத்த சண்டையெல்லாம். வாங்கன்னு கேக்கலைன்னா அதுக்கு மேல ஒரு அவமானமில்ல. அவரு போர்டிகோல சேர் போட்டு உக்காந்திருந்தாரு. பேப்பர எறக்கவே இல்லையாமா. நான் பொடக்காலில பாத்திரம் வெளக்கிட்டு இருந்தேன், கேட்டு கிறீச்சுன்னு சாத்துற சத்தங் கேட்டு ஓடியாந்தா புள்ளைக ஆட்டோல ஏறிட்டாங்க. தெரிஞ்சுட்டேதான் ஆருங்க வந்ததுன்னேன். ஆருமில்லைன்னாரு.

வாங்கங்கற அந்த ஒரு வார்த்தைதானுங்க அவரு தொண்டையில சிக்கி இத்தன மாசமா முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம கெடந்தது. அவரு பண்ணுனது சரின்னு நான் சொல்ல வரல. தப்பு. எம்புள்ள கேட்டுக்கிட்ட நின்ன நெனப்பு வந்தா எனக்கு இன்னும் வவுறு எரியுது. உங்களுக்கும் எரியும், நீங்களும் பையனப் பெத்தவங்க.

அவரு கூப்பிடச் சொன்னாரா, நானா வந்தனான்னு கேக்கறீங்க. நாயமான கேள்விங்க. கூப்பிடுன்னு இப்ப வரைக்கும் வாயத் தொறந்து சொல்லல.

இன்னைக்குச் சாயங்காலம், மருதமலைக்குப் போலாம் கெளம்புன்னாரு. கெளம்பினேன். வடவள்ளிப் பக்கம் திரும்பாம வண்டி உங்க பீளமேட்டுக்கு வருது. நான் ஒண்ணுங் கேக்கல, கேட்டா திருப்பிப்போடுவாரு. சிக்னல்ல நிக்கறப்ப பின் சீட்டப் பாத்தேன், சோப்பு டப்பாவும் இந்தப் பொட்டலமும் இருக்குது, வெத்தலை பாக்கு இருக்குது, தாம்பாளத்தட்டே எடுத்து வெச்சிருக்கறாரு. உங்க தெரு முக்குல டிரான்ஸ்பார்மருக்குக் கீழ வண்டிய நிறுத்திப்போட்டு, நீ போய்ச் சோப்பக் குடுத்துட்டு வா, நான் இங்கயே இருக்கறேன்னாரு. தட்ட மடிமேல வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. அங்கதான் இருக்கறாருங்க, இப்பவும். ஏசி போட்டா பெட்ரோல் போயிருமுன்னு வேத்து ஊத்திட்டு இருப்பாரு.

பயமுங்க அவருக்கு. உங்க வாசலுக்கு வந்து நின்னு, ஆரும் வாங்கன்னு கேக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். கேக்காட்டி நாயந்தான், அதுவும் அவருக்குத் தெரியும்.

லோகு ஆபீஸ் விட்டு வர்ற நேரமாச்சு. அவ ஸ்கூட்டி சத்தங் கேட்டா வண்டியத் திருப்பிட்டுப் போயிருவாரு, அதான் பாக்கறேன்.

ஏனுங்க சம்மந்தி, தையல விட்டுப்போட்டு எங்க எந்திரிச்சீங்க? ஊசி, ஊசி, சேலையில மாட்டியிருக்குது பாருங்க. செருப்பு அக்கட்டால கெடக்குது. நான் வரல, நீங்க மட்டும் போங்க. வெள்ளை வண்டி. கண்ணாடியத் தட்டுங்க, ரேடியோ கேக்கறமாரிப் பாவலா பண்ணுவாரு. ஒருக்கா வாங்கன்னு கேட்டா எறங்க மாட்டாரு, எங்காளுக அப்படித்தான். இன்னொருக்காக் கேளுங்க.