ரீமாஸ்டரில் காணாமல் போன குரல்

நான் ஒரு மடையன். பாட்டே போடாமல் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பவன். செகிஞ்சான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டில், ராக் இசைக்குழுவின் சட்டை போட்ட ஓர் அண்ணன் தன் மனைவியிடம் பொரிந்துகொண்டிருந்தார்.

"கோலாலம்பூர் கான்சர்ட்ல பதிஞ்ச கேசட்டு. மூணாவது பாட்டு முடிஞ்சதும் 'லாகி! இன்னும் ஒண்ணு!'ன்னு ஒருத்தன் கத்துவான்ல? அது நான்! புது சிடிக்கு ரீமாஸ்டர் பண்றேன், சவுண்ட சுத்தம் பண்றேன்னு இரைச்சலோட என்னையும் தொடச்சிட்டானுங்க!"

"அப்ப கேசட்டையே போட்டுக் கேளுங்க."

"புது சிடி வந்துருச்சேன்னு அதப் பழைய சாமான் லோரில தூக்கிப் போட்டுட்டேன் லா!"

"ஏங்க, வீட்டுல கத்துறது பத்தலையா?"

"அது பத்தொம்பது வயசுக் குரலு. இனி எங்க போய்க் கேப்பேன்?"

சிரிப்பு முட்டியது. தாளத்துக்கு ஆடுவதுபோல் தலையை ஆட்டிச் சமாளித்தேன். அந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒயரு போன்ல சொருகாம கீழ தொங்குது."