மணிக்கட்டுப் படம்

— கவலைப்படாம இருன்னா எப்படி பெலிண்டா டீச்சர்? சாயங்காலம் டீமே ரயில் ஏறுது, இவங்க இன்னும் என் கை எலும்ப உத்துப் பாத்துக்கிட்டிருக்காங்க!

— நாயகி, ஸ்கேன் சென்டர்ல வந்து கத்தாத. பாரு, பதினாறு வயசுக்குள்ள ஆடுற கபடின்னா மணிக்கட்டப் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் சேத்துக்குவாங்க. எல்லாப் புள்ளைக்கும் எடுத்தாச்சு. உனக்கு முடிவு சொல்றதுதான் பாக்கி.

— மத்தவளுக யாரும் அப்பாவக் கூட்டிட்டு வரலையே. எங்கப்பாவ மட்டும் துறையூர்ல கறிக்கடையப் பூட்டிட்டு ஓடியாரச் சொன்னீங்க.

— அட போவுது விடு சாமி. புதன்கெழமை எவன் கறி எடுக்க வரப்போறான்? டீச்சர், ரெண்டாந்தடவ படமெடுக்கக் கைய நீட்டுன்னதும் இவ என் விரல விடவே மாட்டேன்னுட்டா. எதிராளியப் புடிச்சு மண்ணுல சாய்க்கிற கையி!

— சும்மா இருப்பா.

— எங்க கல்யாணத்துலயும் இதே கூத்துதான் டீச்சர். ஸ்ரீரங்கத்துல சின்ன மண்டபம். யாரு வீட்டுப் பாப்பாவோ, தத்தக்கா பித்தக்கான்னு மணமேடைக்கு வந்து என் விரலப் புடிச்சுது பாருங்க, கெட்டிமேளம் கொட்டியும் விடலையே! ஒத்தக் கையில தாலியப் புடிச்சுக்கிட்டு முழிக்கிறேன். கடசியில மூணு முடிச்சும் எங்க அக்காதான் போட்டுச்சு.

— பதினாறு வருசமா இதே கதை டீச்சர். கறி வாங்க வர்றவங்களக்கூட விடமாட்டாரு.

— நல்லாத்தான் இருக்கு கதை. நாயகி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு முக்குல போய் மூணு ரோஸ்மில்க் வாங்கிட்டு வா. மெதுவா வா.

— என்னைய வெளிய அனுப்புறீங்களா?

— வாங்கிட்டு வாடின்னா.

— சரி சரி, போறேன்.

— போயிட்டா. சொல்லுங்க டீச்சர், ஒங்க மொகமே சரியில்ல.

— உக்காருங்க பிச்சைமுத்தண்ணே. நாயகி இந்த டீம்ல போக முடியாது.

— ஏன்? எலும்புல ஏதாச்சும் கோளாறா?

— சேசுவே, அதெல்லாம் இல்ல. எலும்பு நல்லா கெட்டியா இருக்கு. அதான் வம்பே. இந்தப் படத்தப் பாருங்க. இது அவ மணிக்கட்டு. வளர்ற புள்ளைக்கு இந்த எலும்போட தலைக்கும் தண்டுக்கும் நடுவுல குருத்தெலும்பு ஒரு பட்டையா இருக்கும். நம்ம காது மடல், மூக்கு நுனி இருக்குல்ல, அந்த மாதிரி மெதுவான எலும்பு. அதுல சுண்ணாம்புச் சத்து ஏறியிருக்காது, அதனால படத்துல விழாது. கறுப்பா ஒரு சந்து மாதிரி தெரியும்.

— சரி.

— வளர்த்தியே அந்தச் சந்துலதான். குருத்தெலும்பு ஒருபக்கம் அடுக்கடுக்காப் பெருகிக்கிட்டே இருக்கும், தண்டுப் பக்கத்து அடுக்கு சுண்ணாம்பு ஏறி எலும்பாயிக்கிட்டே வரும். எலும்பு நீளும், புள்ள வளரும். வளந்து முடிஞ்சா மொத்தமும் எலும்பாயி சந்து மூடிக்கும். பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு இது இன்னும் தெறந்திருக்கணும்ணே. இங்க பாருங்க, கோடுகூட இல்ல.

— சன்னல்கிட்ட காட்டுங்க.

— தெரியுதா?

— தெரியாம என்ன. இளங்குட்டின்னா இந்த எடத்துல கத்தி நழுவிட்டுப் போவும், எலும்பு நுனி தனியாக் கழண்டு வரும். முத்துன ஆடுன்னா கத்தி டொக்குன்னு நின்னுரும்.

— அப்ப உங்களுக்கே புரியுது.

— இல்ல டீச்சர், இவ நல்லி எலும்பு சூப்புலயே வளந்தவ. மத்த வீட்டுப் புள்ளைக ரசஞ்சோறு. அதான் சீக்கிரமா முத்திருச்சு.

— அட போங்கண்ணே! சூப்புக் குடிச்சா எலும்பு ரெண்டு வருசம் முந்தி ஓடுமா? பதினேழு தாண்டிருச்சுங்கிறாரு டாக்டர். என் புள்ள அப்படிப்பட்டவ இல்லன்னு நான் அவரோட சண்டையே போட்டுட்டேன்.

— தங்கமான டீச்சர் நீங்க.

— தங்கமும் வேணாம், வெள்ளியும் வேணாம். வயசு மறைச்சு ஆள எறக்கினேன்னு என் பேருல்ல கெடும்? மத்த புள்ளைங்களையும் சேத்துத் தூக்கிருவாங்க. சரி, ஆயிரத்துல ஒரு புள்ளைக்குச் சீக்கிரம் மூடுறதும் உண்டுன்னு வச்சுக்குவோம். பொறந்த ஆஸ்பத்திரில போய்க் கேப்போம், என் ஸ்கூட்டிலயே போவோம். எங்க பொறந்தா?

— அது எரிஞ்சு போச்சு டீச்சர்.

— எது, ஆஸ்பத்திரியா?

— ஆமா.

— ஆஸ்பத்திரியே எரிஞ்சு போச்சு?

— எரிஞ்சு, அப்புறம் இடிச்சுட்டாங்க.

— என்னப் பாத்தா கேனச்சி மாதிரி இருக்காண்ணே? இருங்க, அவங்கம்மாவுக்குப் போன் போடுறேன். பெத்தவளுக்குத் தெரியாம போயிருமா?

— வேணாம்! டீச்சர், ஒங்க கால்ல வேணா விழறேன், அவகிட்ட மட்டும் இதக் கேக்காதீங்க.

— ஏண்ணே இப்படிப் பதறுறீங்க?

— நாந்தான். ஸ்கூல்ல சேக்கையில நாந்தான் வயசக் கொறச்சுச் சொன்னேன். பின்னாடி கவருமெண்டு வேலைக்கு ஆவும்னு. முத்துன கிடாவக் குட்டின்னு விக்கிற புத்தி, போதுமா? டாக்டருகிட்டயும் அப்படியே சொல்லிருங்க. நாயகிகிட்டயும் சொல்லிருங்க, ஒங்கப்பன் பொய்யன்னு. அதோட விட்டுருங்க.

— எவ்வளவு லேசாச் சொல்றீங்க! விடியறதுக்குள்ள துறையூர்ல பஸ் ஏறி வந்து மூணு வருசமா மண்ணுல பொரண்டாளே, அவ வயிறு எரியாதா? எனக்கே எரியுது.

— எரியட்டும். என்னத் திட்டட்டும். அப்பாவத்தான திட்டுறா, திட்டிட்டுப் போறா.

— மாதாவே, என்ன மனுசன் நீங்க! பேசாம இருங்க, வந்துட்டா.

— ரோஸ்மில்க் தீந்துபோச்சாம், நன்னாரிதான் இருந்துச்சு. என்ன, ரெண்டு பேரும் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? அப்பா, அழுவுறியா?

— உக்காரு நாயகி. சுத்தி வளைக்க எனக்குத் தெம்பு இல்ல. டீம்ல நீ இல்ல. படத்துல உனக்குப் பதினேழு தாண்டிருச்சு.

— எனக்குப் பதினஞ்சு டீச்சர்!

— உங்கப்பாதான் கொறச்சுச் சொல்லிச் சேத்தாராம்.

— எங்கப்பாவா? யாருமே வாங்காட்டியும் கிடாக்கறியக் கிடான்னு சொல்லித்தான் விப்பாரு. அவரா பொய் சொல்லுவாரு?

— நாந்தான் சாமி. அப்பாதான் பண்ணேன். திட்டு, நல்லா வாய்விட்டுத் திட்டு.

— ஏன்ப்பா?

— வேலைக்கு ஆவும்னுதான்.

— நீ பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். இப்ப செவந்துருக்கு.

— வெயில்ல வந்தது சாமி. கெளம்பு, பஸ்ஸப் புடிப்போம்.

— இருப்பா. டீச்சர், எலும்பு தப்பாக் காட்டாதா?

— ஆறு மாசம், ஒரு வருசம் முன்னப்பின்ன காட்டலாம். இவ்வளவு காட்டாதும்மா.

— போன தையிலதான உங்க கல்யாண நாளுக்குக் கேக்கு வெட்டுனோம். பதினாறுன்னு மெழுகுவத்தி வாங்கி வச்சதே நான்தான்.

— நாயகி, வா போவலாம்.

— எனக்குப் பதினேழு தாண்டிருச்சு, உங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறுதான் ஆச்சு.

— டீச்சர், அவள நிறுத்தச் சொல்லுங்க.

— அப்பா, கையக் குடு. அந்த மூணு முடிச்சையும் அத்தை போட்டுச்சுல்ல, அன்னிக்கு உன் விரல விடமாட்டேன்னு நின்ன பாப்பா நான்தானே?